லினக்ஸில் நிரல் எழுத எந்த எடிட்டர்? தேர்விலிருந்து தினசரிப் பழக்கம் வரை

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளைகள் உபுண்டுவை நிறுவிய அன்றே கேட்கும் கேள்வி: “எந்த எடிட்டர் போடலாம்?” பதில் சொல்வதற்குள் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடை நிறுவிவிடுகிறார்கள். கூடவே இருபது எக்ஸ்டென்ஷன்கள் (எடிட்டரோடு சேர்க்கும் துணைநிரல்கள்). மடிக்கணினியில் ரேம் 4 ஜிபிதான். பக்கத்தில் பிரவுசரும் ஓடுகிறது. அரை மணி நேரத்தில் மவுஸ் நகர மறுக்கிறது. மறுநாள் வந்து, “லினக்ஸ் வேகமா இருக்கும்னு சொன்னீங்களே” என்று வருத்தத்தோடு நிற்கிறார்கள்.

விஎஸ் கோடும் நல்ல கருவி, லினக்ஸும் நல்ல இயங்குதளம். அந்தக் கணினிக்கும் அந்த வேலைக்கும் அந்தத் தேர்வு பொருந்தவில்லை, அவ்வளவுதான். பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட முறை ஒன்று உண்டு. உங்கள் கணினிக்கு ஏற்ற ஒரு எடிட்டரை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு, எந்த லினக்ஸ் கணினியிலும் இருக்கக்கூடிய டெர்மினல் எடிட்டர் ஒன்றை அவசரத்துக்குக் கைகொடுக்கும் அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டைப் பற்றியதுதான்.

கட்டளைகளையும் விசைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். விசைகளில் ‘பி’ என்றால் ‘பேப்பர்’ என்பதன் முதலெழுத்து, ‘டி’ என்றால் ‘டெலிட்’ என்பதன் முதலெழுத்து. எடுத்துக்காட்டுகள் உபுண்டு, டெபியன் வகைக் கணினிகளுக்கானவை. ஃபெடோராவில், பொதிகளை நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை வரும் இடத்தில் ‘டிஎன்எஃப்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

முதலில் கணினியைப் பாருங்கள்

டெர்மினலைத் திறந்து ‘ஃப்ரீ -ஹெச்’ என்று தட்டுங்கள். வரும் அட்டவணையில் கடைசியாக இருக்கும் ‘அவைலபிள்’ என்ற பத்தியைப் பாருங்கள். ‘ஃப்ரீ’ என்ற பத்தியில் எண் சிறியதாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். காலியாக இருக்கும் ரேமை லினக்ஸ் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும், தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும். வழக்கமாக நீங்கள் திறந்துவைக்கும் பிரவுசரைத் திறந்துவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், விஎஸ் கோட் ‘எலக்ட்ரான்’ என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. எலக்ட்ரானுக்குள் இருப்பது குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியம். ஆக, விஎஸ் கோடைத் திறப்பது இன்னொரு பிரவுசரைத் திறப்பதற்குச் சமம். அதன் குறைந்தபட்சத் தேவை 1 ஜிபி ரேம் என்றுதான் அதன் ஆவணம் சொல்கிறது. ஆனால் அது எடிட்டருக்கு மட்டும். ஒவ்வொரு மொழிக்கும் பின்னணியில் ஓடும் உதவி நிரல், எக்ஸ்டென்ஷன்கள், நீங்கள் ஓட்டும் நிரல், பிரவுசர் எல்லாம் சேர்ந்தால் கணக்கு வேறு.

என் பரிந்துரை இப்படி: மொத்த ரேம் 4 ஜிபி அல்லது அதற்குக் கீழ் என்றால் ஜீனி. கேடிஇ டெஸ்க்டாப் வைத்திருந்தால் கேட். 8 ஜிபி இருந்தால் விஎஸ் கோட் அல்லது அதன் கட்டற்ற வடிவமான விஎஸ் கோடியம். சர்வர்களிலேயே பெரும்பாலான நேரம் போகிறது என்றால் விம். நிரலோடு குறிப்பு, கட்டுரை, ஆய்வேடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிப் பழகும் பொறுமை உள்ளவர்களுக்கு ஈமேக்ஸ். ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்கள் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும், அதற்கு இந்தக் கணக்கெல்லாம் போதாது.

“ஜீனி பழசாச்சே, அதில் வசதி குறைவாச்சே” என்று சிலர் தயங்குவார்கள். சி மொழியில் சுட்டிகளைப் புரிந்துகொள்ளவும், பைத்தானில் முதல் நூறு நிரல்களை எழுதவும் அது தாராளமாகப் போதும். சொல்லப்போனால், எல்லாவற்றையும் தானாக நிரப்பித் தராத எடிட்டரில் முதல் ஆறு மாதம் எழுதியவர்கள்தான் மொழியை ஆழமாகக் கற்கிறார்கள் என்பது என் அனுபவம்.

எல்லா எடிட்டரும் ஏறக்குறைய ஒரே புத்தியோடு இருப்பது எப்படி?

ஒரு காலத்தில் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருபது எடிட்டர், முப்பது மொழி என்றால் அறுநூறு வேலை. 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ‘லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்’ என்ற பொது ஒப்பந்தத்தை அறிவித்தன. மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையைத் தனி நிரல் செய்யும். எடிட்டர் அதனிடம் “இந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது?”, “இங்கே அடுத்து என்ன வரலாம்?” என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இதன் பலன் பெரியது. சி, சி++ மொழிகளுக்கான ‘கிளாங்டி’ என்ற அதே உதவி நிரலை விஎஸ் கோடியமும் கேட்டும், விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மும் ஈமேக்ஸும் பயன்படுத்தலாம். நியோவிம்மில் 0.5 பதிப்பிலிருந்து (2021) இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஈமேக்ஸ் 29இலும் (2023) ‘எக்லாட்’ என்ற பெயரில் உடன் வருகிறது. ஆகவே “அந்த எடிட்டரில்தான் தானியங்கி நிரப்பல் நன்றாக வரும்” என்று இனிமேல் யாராவது சொன்னால், அதை வைத்து எடிட்டரை மாற்ற வேண்டியதில்லை. வித்தியாசம் கைப்பழக்கத்திலும் ரேமிலும் உரிமத்திலும்தான் இருக்கிறது.

உரிமம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விஎஸ் கோடின் மூலநிரல் 2015 நவம்பரிலிருந்து எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்கள் இறக்கும் தயார்நிலைப் பொதி வேறொரு உரிமத்தில் வருகிறது, பயன்பாட்டுத் தரவை அனுப்பும் அமைப்பும் அதில் உண்டு. அதே மூலநிரலைத் தரவு அனுப்பாத வகையில் தொகுத்துத் தருவதுதான் விஎஸ் கோடியம். கட்டற்ற மென்பொருள் என்பதற்காகவே லினக்ஸுக்கு வந்தவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது இயல்பு, நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் விலை ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டென்ஷன் சந்தையை அதில் பயன்படுத்த விதிகள் இடம்தருவதில்லை. அதற்குப் பதிலாக எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ‘ஓப்பன் விஎஸ்எக்ஸ்’ இருக்கிறது. பைத்தானுக்கான பைலான்ஸ், சி++க்கான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்டென்ஷன், தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்ய உதவும் ‘ரிமோட் எஸ்எஸ்ஹெச்’ ஆகியவை மைக்ரோசாஃப்டின் பொதிக்கு மட்டுமே உரிமம் பெற்றவை. சி++க்குக் கிளாங்டி நல்ல மாற்று. பைத்தானுக்கு ‘பேஸ்டுபைரைட்’ இருக்கிறது. உங்கள் அலுவலகம் ரிமோட் எஸ்எஸ்ஹெச்சையே நம்பி இயங்குகிறது என்றால் விஎஸ் கோடையே போடுங்கள்.

நிறுவும் வழியில் கவனம்

ஜீனி, கேட், விம், ஈமேக்ஸ் எல்லாமே உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று ஒருமுறை (‘சூடோ’ என்பது கட்டளையை நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும்). பிறகு ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜீனி’. ஜீனிக்கு ஆங்கில எழுத்துகள் ஜி, இ, ஏ, என், ஒய். சி மொழிக்கு ஜிசிசி கம்பைலர் முதலியவை வேண்டும், ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற பொதியை நிறுவினால் எல்லாம் சேர்ந்து வரும்.

விஎஸ் கோடுக்கு அதன் தளத்திலுள்ள ‘டெப்’ கோப்பை இறக்குங்கள். அது தன் களஞ்சியத்தையும் கணினியில் சேர்த்துக்கொள்வதால் வழக்கமான புதுப்பிப்போடு எடிட்டரும் புதுப்பிக்கப்படும். விஎஸ் கோடியமும் அதேபோலத் தனிக் களஞ்சியம் வைத்திருக்கிறது.

ஃபிளாட்பேக் என்ற இன்னொரு நிறுவல் முறை வழியாக எடிட்டரை நிறுவுவதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். ஃபிளாட்பேக் செயலிகள் ஒரு பெட்டிக்குள் அடைக்கப்பட்டு ஓடுபவை. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் நிரல் எடிட்டருக்கு, வெளியே உள்ள ஜிசிசி, பைத்தான், நிரல் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் எல்லாம் தேவை. பெட்டிக்குள்ளிருந்து பார்த்தால் அவை இருப்பதே தெரியாது. “பைத்தான் நிறுவியிருக்கிறேன், எடிட்டர் இல்லை என்கிறதே” என்று ஒரு மாலை முழுதும் தேடிய மாணவி ஒருத்திக்குக் காரணம் இதுவாகத்தான் இருந்தது. அதையே ‘டெப்’ கோப்பில் நிறுவியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஜீனியில் முதல் நிரல்

புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, எழுதத் தொடங்கும் முன்பே ‘.சி’ என்ற பின்னொட்டோடு சேமியுங்கள். பின்னொட்டைப் பார்த்துத்தான் எந்த மொழி என்று ஜீனிக்குத் தெரியும். அதன்பிறகே வண்ணங்கள் வரும். எழுதி முடித்ததும் எஃப்9 அழுத்தினால் நிரல் கட்டப்படும். எஃப்5 அழுத்தினால் ஓடும். பிழை இருந்தால் கீழ்ப்பலகையில் சிவப்பு வரியாக வரும், அதன் மேல் சொடுக்கினால் பிழையுள்ள வரிக்கே கொண்டுபோய்விடும்.

கணித நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல் என்றால் ‘ஸ்க்வேர்ரூட் தெரியாது’ என்பது போன்ற பிழை வரக்கூடும். ‘பில்ட்’ பட்டியலில் கட்டும் கட்டளையை அமைக்கும் இடம் உண்டு. அந்தக் கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘-எல்எம்’ என்று சேருங்கள். முன்னால் சேர்த்தால் வேலை செய்யாமல் போகலாம், கடைசியில்தான் இருக்க வேண்டும்.

விஎஸ் கோடில் பைத்தான்: ஒழுங்காக அமைக்கும் முறை

கோப்பைத் திறக்காதீர்கள், ஃபோல்டரைத் திறங்கள். தொடக்கத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, டெர்மினலில் அதற்குள் போய் ‘கோட்’ என்று தட்டி, இடைவெளி விட்டு ஒரு புள்ளி வையுங்கள். விஎஸ் கோடியம் என்றால் ‘கோடியம்’, இடைவெளி, புள்ளி. அந்தப் புள்ளி ‘இப்போது நிற்கும் ஃபோல்டர்’ என்று பொருள்படும்.

அடுத்தது மெய்நிகர் சூழல், அதாவது திட்டத்துக்கென்று தனியாக ஒரு பைத்தான். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், கணினியின் பைத்தானுக்குள் நேரடியாக, நூலகங்களை நிறுவும் ‘பிப்’ கருவி மூலம் எதையும் நிறுவ முயன்றால் ‘எக்ஸ்டெர்னலி மேனேஜ்டு’ என்ற பிழை வரும். அதை மீறுவதற்கான கொடியை இணையத்தில் பலரும் சொல்லித்தருகிறார்கள். தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். உபுண்டுவின் பல உள்கருவிகள் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன, அதைக் குழப்பினால் இயங்குதளமே பாதிக்கப்படும். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்’ என்று ஒருமுறை நிறுவிக்கொண்டு, திட்ட ஃபோல்டருக்குள் ‘பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்’ என்று தட்டுங்கள். வென்வுக்கு எழுத்துகள் வி, இ, என், வி. புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர் ஒன்று உருவாகும்.

எடிட்டருக்கு வந்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்துங்கள். மேலே ஒரு பெட்டி திறக்கும். எந்தப் பட்டியலில் எது இருக்கிறது என்று நினைவில்லாதபோது இங்கே பெயரைத் தட்டினால் கிடைத்துவிடும். ‘பைத்தான்: செலக்ட் இன்டர்பிரெட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் ‘.வென்வ்’ உள்ள வரியைச் சொடுக்குங்கள். “பிப்பில் நிறுவிய நூலகம் எடிட்டரில் மட்டும் இல்லை என்கிறது” என்ற புலம்பலுக்குக் காரணம், எடிட்டர் ஒரு பைத்தானையும் டெர்மினல் இன்னொரு பைத்தானையும் பார்ப்பதுதான். வலப்பக்கக் கீழ் மூலையில் எந்தப் பைத்தான் என்று எப்போதும் எழுதியிருக்கும், ஒரு பார்வை அங்கே போகட்டும்.

எக்ஸ்டென்ஷன்களை மூன்றோடு நிறுத்துங்கள்: மொழிக்கு ஒன்று, எழுத்துப்பிழை பார்க்க ஒன்று, கிட் வரலாறு பார்க்க வேண்டுமானால் ஒன்று. வண்ணத் தீம்களில் கவலையில்லை. மற்றவற்றை, “இது இல்லாமல் இந்த வாரம் மூன்று முறை தவித்தேன்” என்ற நிலை வந்த பிறகு நிறுவுங்கள். எக்ஸ்டென்ஷன் என்பது உங்கள் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் கூடிய ஒரு நிரல், யார் வெளியிட்டது என்று பார்க்காமல் சேர்க்கக்கூடாது.

விசைகளில் முதலில் கைக்கு வர வேண்டியவை சிலதான். கண்ட்ரோல்+பி கோப்பின் பெயரைத் தட்டித் திறக்க. எஃப்12 ஒரு பெயரின் வரையறைக்குப் போக, ஆல்ட்+கண்ட்ரோல்+ஹைஃபன் அழுத்தினால் வந்த இடத்துக்குத் திரும்பலாம். எஃப்2 ஒரு மாறியின் பெயரைத் திட்டம் முழுக்க மாற்ற. கண்ட்ரோல்+டி ஒரே சொல்லின் அடுத்த இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க. எஃப்9 ஒரு வரியில் நிறுத்துப்புள்ளி வைக்க, எஃப்5 பிழைதேடும் முறையில் ஓட்ட. கடைசி இரண்டையும் முதல் வாரத்திலேயே பழகுங்கள். ‘பிரிண்ட்’ போட்டுப் போட்டுப் பிழை தேடிய நேரத்தை அது மிச்சப்படுத்தும். நிரல் நின்ற இடத்தில் ஒவ்வொரு மாறிக்கும் என்ன மதிப்பு என்று கண்ணெதிரே பார்க்கும்போதுதான் லூப் எப்படி நடக்கிறது என்பது பலருக்கும் உறைக்கிறது.

அவசரத்துக்கு: நானோவும் விம்மும்

ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், திரையில் ஐகானே இல்லாத ஒரு சர்வரில் நிற்பீர்கள். அங்கே ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். அப்போது இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

நானோ இருந்தால் சுலபம். ‘நானோ’ என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். கீழே இரண்டு வரிகளில் விசைகள் எழுதியிருக்கும், அதில் கூரைபோல் இருக்கும் குறி கண்ட்ரோலைக் குறிக்கும். கண்ட்ரோல்+ஓ, பிறகு என்ட்டர்: சேமிப்பு. கண்ட்ரோல்+எக்ஸ்: வெளியேறல். கண்ட்ரோல்+டபிள்யூ: தேடல். நானோவுக்கு இவ்வளவு போதும்.

விம்மின் கதை வேறு. 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய ‘விஐ’ எடிட்டரின் வாரிசு அது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் தனி அம்பு விசைகள் இல்லை, ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றும் விம்மில் அந்த நான்கு விசைகளால் கர்சரை நகர்த்துவது அதனால்தான். பிராம் மூலனார் 1991இல் விம்மை வெளியிட்டு, 2023இல் மறையும்வரை அதைப் பராமரித்தார். விம் பிடித்திருந்தால் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற அவருடைய வேண்டுகோளை, வெறுமனே விம் என்று தட்டினால் வரும் முகப்பிலேயே இன்றும் பார்க்கலாம்.

விம்மிலிருந்து வெளியேறத் தெரியாமல் தவிப்பது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தில் அந்தக் கேள்வியை 2017க்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பார்த்திருக்கிறார்கள். குழப்பத்துக்குக் காரணம், விம் பல நிலைகளில் இயங்குவது. திறந்ததும் இருப்பது கட்டளை நிலை. அங்கே நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. ‘ஐ’ அழுத்தினால் எழுதும் நிலை. எஸ்கேப் அழுத்தினால் மீண்டும் கட்டளை நிலை. எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்துங்கள், கட்டளை நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

அங்கிருந்து முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ, என்ட்டர் என்றால் சேமித்து வெளியேறும். முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்ட்டர் என்றால் மாற்றங்களைக் கைவிட்டு வெளியேறும். சர்வரில் ஏதோ தவறாகத் தட்டிவிட்டோம் என்ற சந்தேகம் வந்தால் இரண்டாவதே பாதுகாப்பு. யூ என்பது செய்ததை மீட்கும். இரண்டு முறை டி, ஒரு வரியை நீக்கும். பி, நீக்கியதை ஒட்டும். சாய்கோடு போட்டு ஒரு சொல்லைத் தட்டினால் தேடும், என் அடுத்த இடத்துக்குப் போகும்.

இதற்கு மேல் போக விரும்புபவர்களுக்கு ஒரு திறவுகோல்: விம் கட்டளைகளுக்கு இலக்கணம் உண்டு. வினை ஒன்று, இலக்கு ஒன்று. டி என்றால் நீக்கு, டபிள்யூ என்றால் சொல். இரண்டையும் சேர்த்தால் ‘சொல்லை நீக்கு’. சி என்றால் மாற்று, ‘ஐ’யும் மேற்கோள்குறியும் சேர்ந்தால் ‘மேற்கோளுக்குள் இருப்பது’. மூன்றையும் அடுத்தடுத்துத் தட்டினால் மேற்கோளுக்குள் இருப்பது அழிந்து, புதிதாக எழுதத் தயாராக நிற்கும். பத்து வினையும் பத்து இலக்கும் தெரிந்தால் நூறு கட்டளை தெரிந்த மாதிரி. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்’ என்று முழு விம்மை நிறுவி (உபுண்டுவில் முதலில் இருப்பது சுருங்கிய வடிவம்), ‘விம்டியூட்டர்’ என்று தட்டுங்கள். அரை மணி நேரப் பாடம் அதனுள்ளேயே இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று நாட்கள் அதையே செய்யுங்கள். மூன்றாம் நாள் விரல்கள் தாமாகப் போகும்.

டெர்மினலில் அடிக்கடி நேரும் இரண்டு விபத்துகள். பழக்கதோஷத்தில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தியதும் விம் உறைந்துபோன மாதிரி இருக்கும். டெர்மினலின் வெளியீட்டை நிறுத்தும் பழைய விசை அது, கண்ட்ரோல்+க்யூ அழுத்தினால் உயிர் வரும். கண்ட்ரோல்+இசட் அழுத்தினால் எடிட்டரே காணாமல் போகும். அது மூடப்படவில்லை, பின்னணிக்குப் போயிருக்கிறது. ‘எஃப்ஜி’ என்று தட்டினால் திரும்பும்.

கணினியின் அமைப்புக் கோப்புகளைத் திருத்தும்போது

‘ஈடிசி’ ஃபோல்டரிலுள்ள கோப்புகளைத் திருத்த சூடோவோடு விஎஸ் கோடைத் திறக்காதீர்கள். அப்படித் திறந்தால் எக்ஸ்டென்ஷன்கள் உட்பட எல்லாமே முழு அதிகாரத்தோடு ஓடும். அதற்கென்றே ‘சூடோஎடிட்’ என்ற கட்டளை இருக்கிறது. அது கோப்பின் நகலை உங்கள் சாதாரண அதிகாரத்தில் எடிட்டரில் திறக்கும். சேமித்து மூடியதும் அந்த நகலை மட்டும் உரிய இடத்தில் எழுதும். எந்த எடிட்டர் திறக்க வேண்டும் என்பதை ‘எடிட்டர்’ என்ற சூழல் மாறி முடிவுசெய்யும், அதன் பெயரை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

கிட்டில் மாற்றங்களைப் பதியும்போது எழுதும் கமிட் செய்தியும் அதே எடிட்டரில்தான் திறக்கும். விஎஸ் கோடை அங்கே வைக்க விரும்பினால் ‘கோட் --வெயிட்’ என்று கொடுங்கள். ‘வெயிட்’ இல்லாவிட்டால் நீங்கள் எழுதி முடிப்பதற்குள் கிட், செய்தி காலி என்று சொல்லிக் கமிட்டை ரத்துசெய்துவிடும்.

தமிழும் எடிட்டரும்

குறிப்புரையிலோ வெளியீட்டிலோ தமிழ் எழுதுபவர்களுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளலாம், பட்டியலில் இல்லாவிட்டால் ‘ஐபஸ்-எம்17என்’ பொதியை நிறுவி மறுபடி உள்நுழையுங்கள். சூப்பர்+ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். விம்மில் ஒன்று கவனிக்க வேண்டும்: கட்டளை நிலைக்கு வரும்போது விசைப்பலகை தமிழிலேயே இருந்தால் எந்தக் கட்டளையும் வேலை செய்யாது. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். தமிழில் நிறைய எழுதுபவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஈமேக்ஸில் தமிழ் உள்ளீட்டு முறை உள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல்+பின்சாய்கோடு அதை மாற்றும். கட்டளைகள் அதனால் பாதிக்கப்படுவதில்லை.

பல டெர்மினல்களில் தமிழ் உடைந்து தெரியும், கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நிற்கும். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் சம அகலக் கட்டத்தில் வைக்க முயல்வதுதான் காரணம். கோப்பில் பிழையில்லை. அதே கோப்பை கேட்டிலோ விஎஸ் கோடிலோ திறந்தால் சரியாக இருக்கும். எடிட்டரின் எழுத்துரு அமைப்பில் ஆங்கில எழுத்துருவுக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்து ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ என்று சேர்த்தால் தோற்றமும் சீராகும்.

தேடலில் ஒரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வும் ஒகரக் குறியும் என்றால் இரண்டு குறிகள். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்தால் மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு. பழைய கருவியில் தட்டச்சான கோப்பில் ‘கொடி’ என்று தேடி எடிட்டர் “இல்லை” என்று சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். பைத்தானின் ‘யூனிகோட்டேட்டா’ நூலகத்தில் ‘என்எஃப்சி’ முறையில் கோப்பு முழுவதையும் ஒருமுறை சீராக்கிவிட்டால் தேடல் சரியாகும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் 5 என்று சொல்வதும் இந்தக் குறிக்கணக்கினால்தான்.

சிக்கல்கள் வரும்போது

விண்டோஸ் கணினியில் எழுதிப் பென்டிரைவில் கொண்டுவந்த ஷெல் நிரல், “பேட் இன்டர்பிரெட்டர்” என்று ஓட மறுக்கும். வரி முடிவில் விண்டோஸ் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். அந்தக் கூடுதல் குறிதான் தடை. விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் ‘சிஆர்எல்எஃப்’ என்று இருப்பதைச் சொடுக்கி ‘எல்எஃப்’ ஆக்கிச் சேமியுங்கள். நிறைய கோப்புகள் என்றால் ‘டாஸ்2யூனிக்ஸ்’ கருவி.

மின்வெட்டுக்குப் பின் விம் திறக்கும்போது நீண்ட எச்சரிக்கை ஒன்று வரும். அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீங்கள் சேமிக்காமல் விட்ட எழுத்து அந்தப் ‘ஸ்வாப்’ கோப்பில்தான் இருக்கிறது. ஆர் அழுத்தி மீட்டு, படித்துப் பார்த்துச் சேமியுங்கள். வெளியே வந்த பிறகு ‘.எஸ்டபிள்யூபி’ என்று முடியும் கோப்பை அழியுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரும்.

பெரிய திட்டம் ஒன்றைத் திறந்ததும் “கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்க முடியவில்லை” என்று விஎஸ் கோட் சொன்னால், கெர்னல் அனுமதிக்கும் கண்காணிப்பு எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்று பொருள். வரம்பை உயர்த்துவதற்கு முன், ‘நோட் மாட்யூல்ஸ்’, ‘.வென்வ்’ போன்ற ஃபோல்டர்களைக் கண்காணிப்பிலிருந்து விலக்கும் அமைப்பை முயன்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அமைப்புகளைக் காப்பாற்றுங்கள்

மூன்று மாதம் ஒரே எடிட்டரில் இருங்கள். நடுவில் 2014இல் வந்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்ட ‘ஆட்டம்’ என்ற எடிட்டரின் நினைவில் சிலர் கேட்பார்கள், “இதுவும் நின்றுபோனால்?” என்று. நியாயமான பயம். லினக்ஸ் எடிட்டர்களின் அமைப்புகள் எல்லாம் வீட்டு ஃபோல்டருக்குள் சாதாரண உரைக் கோப்புகளாகவே இருக்கின்றன. விம்முக்கு ‘.விம்ஆர்சி’. விஎஸ் கோடுக்கு ‘.கான்ஃபிக்’ ஃபோல்டருக்குள் ‘கோட்’, அதற்குள் ‘யூசர்’ (இந்த இரண்டு பெயர்களிலும் முதலெழுத்து பெரியது), அதற்குள் ‘செட்டிங்ஸ்.ஜேசன்’. இவற்றை ஒரு ஃபோல்டரில் சேர்த்து ‘கிட் இனிட்’ செய்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரிச் செய்தியோடு கமிட் செய்யுங்கள்.

திட்ட ஃபோல்டருக்குள் ‘.எடிட்டர்கான்ஃபிக்’ என்ற கோப்பையும் வைத்துவிடுங்கள். பைத்தானுக்கு நான்கு இடைவெளி, ‘மேக்ஃபைல்’ கோப்புக்குக் கட்டாயம் டேப், வரிமுடிவு எல்எஃப், குறியீடு யூடிஎஃப்-8 என்று நான்கைந்து வரிகள் போதும். நியோவிம் அதைத் தானாகவே படிக்கும். விஎஸ் கோடில் சிறு எக்ஸ்டென்ஷன் ஒன்று வேண்டும். நீங்கள் விஎஸ் கோடியத்திலும் உங்கள் நண்பர் நியோவிம்மிலும் எழுதினாலும், கிட்டில் காணும் மாற்றங்களில் வெற்று இடைவெளிகள் இருக்காது, எழுதிய நிரல் மட்டுமே இருக்கும்.